மந்திரப் பொருள் எத்தனை கொடுக்கலாம்? நான்கு வழிகளை ஒப்பிட்டுப் பார்ப்போம்

போன வாரம் ஆயர் ஈத்தாமிலிருந்து என் சித்தி மகள் ஒரு குரல் செய்தி அனுப்பியிருந்தாள். தோழிகள் நான்கு பேரைச் சேர்த்துக்கொண்டு டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் (மேசையைச் சுற்றி உட்கார்ந்து, பகடை உருட்டி, ஆளுக்கொரு பாத்திரமாகக் கதை ஆடும் விளையாட்டு) கேம்பேன் ஒன்றை, அதாவது பல அமர்வுகளுக்கு நீளும் ஒரு தொடர்கதையை, அடுத்த மாதம் ஆரம்பிக்கிறாள். டிஎம், அதாவது ஆட்டத்தை நடத்துகிறவர், அவள்தான். ஊர் வரைந்தாகிவிட்டது, வில்லன் தயார், முதல் குகைக்கு வரைபடமும் இருக்கிறது. "அக்கா, ஒண்ணு மட்டும் பிடிபடல. மந்திர சாமான் எத்தன குடுக்கறது? ஒருத்தர் குடுக்கவே கூடாதுங்கறாரு, இன்னொருத்தர் கடையே வைக்கலாங்கறாரு. எதக் கேக்கறது?"

இதே கேள்வியை கோலாலம்பூர் செந்தூலில் நாங்கள் ஆடும் மேசைக்கு வந்துபோகிறவர்களும் பல தடவை கேட்டிருக்கிறார்கள். ஞாயிறு மாலைகளில் இதுவரை மூன்று கேம்பேன் நடத்தியிருக்கிறேன். மூன்றிலும் வெவ்வேறு அளவில் கொடுத்துப் பார்த்தேன். அதனால் அவளுக்குச் சொல்ல நினைத்ததை எல்லோருக்கும் சேர்த்து எழுதுகிறேன்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எத்தனை பொருள் என்பதைவிட, கொடுத்த பொருள் மேசையில் எத்தனை நாள் தங்குகிறது என்பதுதான் பெரிய கேள்வி. தங்கிவிடும் பொருளை எண்ணிக் கொடுங்கள். தீர்ந்துபோகும் பொருளை அள்ளிக் கொடுங்கள். ஆனால் எல்லா மேசைக்கும் இதுவே சரி என்று சொல்ல மாட்டேன். அதனால்தான் இந்த ஒப்பீடு.

## எதை வைத்து எடை போடுவது

விதிப்புத்தகத்தின் கணக்கு. இதைப் பார்க்காமல் வேறு எதையும் முடிவு செய்யாதீர்கள். சில ஆட்டங்களில் மந்திரப் பொருள் பாயசத்தில் போடும் முந்திரி மாதிரி; இல்லாவிட்டாலும் பாயசம் பாயசம்தான். சில ஆட்டங்களில் அது அரிசி. டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் மூன்றாம் பதிப்பு 2000இல் வந்தது. அதன் 2003ஆம் ஆண்டுத் திருத்தத்தில், எந்த லெவலில் ஒரு பாத்திரத்திடம் எவ்வளவு சொத்து இருக்க வேண்டும் என்று அட்டவணையே போட்டிருக்கிறார்கள். 5ஆம் லெவலில் 9,000 பொற்காசு, 10இல் 49,000, 20இல் 760,000. அரக்கர்களின் பலமெல்லாம் இந்தச் சொத்து உங்களிடம் இருக்கிறது என்று நம்பி எழுதப்பட்டது. பாத்ஃபைண்டர் என்ற இன்னொரு ஆட்டத்துக்கு 2019இல் வந்த இரண்டாம் பதிப்பும் அப்படித்தான். ஆயுதத்தில் பொறிக்கும் 'ஸ்ட்ரைக்கிங்' ரூனை (மந்திர எழுத்தை) 4ஆம் லெவலுக்குரிய பொருள் என்று வைத்திருக்கிறார்கள். அது வந்தால் ஒரு சேதப் பகடை இரண்டாகும். அதைக் கொடுக்கத் தவறினால் உங்கள் ஆட்கள் பாதி பலத்தோடு சண்டைக்குப் போகிறார்கள். டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸுக்கு 2014இல் வந்த ஐந்தாம் பதிப்பு இதற்கு நேர்மாறு. மந்திரப் பொருள் ஒன்றுகூட இல்லாமலே கணக்கு நிற்கும்படி எழுதியிருக்கிறார்கள், கொடுப்பதெல்லாம் மேலதிகம்.

போர்வீரனுக்கும் மந்திரவாதிக்கும் நடுவிலுள்ள தராசு. மந்திரவாதியின் சக்தி அவனோடு பிறந்தது. போர்வீரனின் சக்தி பாதிக்குமேல் கையில் இருக்கும் பொருளில் இருக்கிறது. அளவைக் கூட்டினாலும் குறைத்தாலும் இந்தத் தராசு அசையும்.

மேசை நேரம். நாங்கள் 4 மணிக்கு உட்கார்ந்தால் 7:30க்கு எழுந்தாக வேண்டும். ஒவ்வொரு பொருளும் இந்த மூன்றரை மணியிலிருந்து கொஞ்சம் தின்னும்.

காசுக்கு என்ன வேலை. புதையல் எடுக்கிறார்கள். அதை எங்கே செலவழிப்பார்கள்?

திரும்ப வாங்க முடியுமா. கொடுப்பது சுலபம். கொடுத்ததை வாங்குவது மனத்தாங்கலில் முடியும்.

## முதல் வழி: கேம்பேனுக்கே ஒன்று அல்லது இரண்டு

கதை சொல்லும் ஆசையோடு டிஎம் ஆகிறவர்களை முதலில் இழுப்பது இந்த வழிதான். என்னையும் இழுத்தது. நம் மலேசியாவிலேயே அதற்கு அருமையான உதாரணம் இருக்கிறது: தாமிங் சாரி என்ற கெரிஸ் குத்துவாள். அதை வைத்திருப்பவனை எந்த ஆயுதமும் தொடாது என்பது மலாய்க் காவிய மரபு. மஜாபாகித் வீரனிடமிருந்து அதைத் தந்திரமாகக் கைப்பற்றினால்தான் ஹாங் துவாவால் அவனை வெல்ல முடிகிறது. பின்னாளில் அதே கெரிஸ் ஹாங் ஜெபாட்டின் கைக்குப் போகிறது. நண்பனை வீழ்த்த முதலில் அதைத் திரும்பப் பெற்றாக வேண்டும். ஒரே ஒரு பொருள், இரண்டு பெரிய சண்டைகள், ஒரு நட்பின் முறிவு. நம் தமிழிலும் மணிமேகலையின் அமுதசுரபி அப்படித்தான். ஒரு பாத்திரம் கைக்கு வந்ததும் அவள் செய்யும் வேலையே மாறிவிடுகிறது. பொருள் அரிதாக இருந்தால் அதற்குப் பெயர் இருக்கும், பழங்கதை இருக்கும், தேடி வரும் எதிரியும் இருப்பான்.

மேசை நேரம் மிச்சம். பொருளைக் கண்காணிக்கும் வேலையே இல்லை. திரும்ப வாங்கும் பிரச்சினையும் வராது.

இந்த வழியில் வெளியே தெரியாத செலவு ஒன்று இருக்கிறது. அதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும்.

என் முதல் கேம்பேனில் ஊர் ஒரு ரப்பர் தோட்டம் மாதிரி: வரிசையாக லயங்கள், நடுவில் கோயில், சுற்றிலும் காடு. ஐந்தாம் பதிப்பின் 2014ஆம் ஆண்டு விதிகளில்தான் ஆடினோம். மூன்றாம் லெவல். ஓர் இரவு லயத்துக்குள் ஓநாய்மனிதன் புகுந்துவிடுகிறான். போர்வீரன் ஆடிய தம்பி ஷா ஆலமில் ஷிஃப்ட் முடித்து நேராக வந்திருந்தான்; வேலைச் சட்டையைக்கூட மாற்றவில்லை. முதல் சுற்றில் இருபது முகப் பகடையில் 17 விழுந்தது. வெட்டு பட்டது. சேதம் சுழியம், ஏனென்றால் மந்திரமும் வெள்ளியும் இல்லாத ஆயுதம் அந்த விதிகளில் ஓநாய்மனிதனை ஒன்றும் செய்யாது. இரண்டாம் சுற்றில் 19. மறுபடியும் சுழியம். மூன்றாம் சுற்றில் அவன் பகடையை உருட்டவே இல்லை. "நான் கதவப் புடிச்சிக்கிறேன்க்கா" என்றான். பக்கத்தில் மந்திரவாதி ஆடியவர் ஒவ்வொரு சுற்றிலும் நெருப்பை வீசிக்கொண்டிருந்தார்; ஒவ்வொன்றும் வேலை செய்தது. சண்டை முடிந்தபோது தம்பி பகடைகளைத் துணிப்பைக்குள் போட்டு, சுருக்குக் கயிற்றை இழுத்துவிட்டான். மணி அப்போது 6 ஆகியிருந்தது. ஆட்டம் முடிய இன்னும் ஒன்றரை மணி இருந்தது.

அன்றைக்கு எனக்குப் புரிந்தது இதுதான்: நான் உலகத்தில் மந்திரத்தைக் குறைக்கவில்லை. போர்வீரனிடம் மட்டும் குறைத்திருக்கிறேன். மந்திரவாதியின் பட்டியலில் ஒரு வரிகூடக் குறையவில்லை. பொருளை அரிதாக்கினால் மந்திரம் அரிதாகிவிடும் என்று நினைப்பது பெரும்பாலான டிஎம்கள் விழும் பள்ளம். உலகமே மந்திரம் குறைந்த உலகமாக இருக்க வேண்டுமென்றால் மந்திரவாதி வகுப்புகளையும் சேர்த்துக் குறைக்க வேண்டும். அதை ஆட வருகிறவர்களிடம் முதல் நாளே சொல்லிவிட வேண்டும்.

இதற்கு மாற்று மருந்துகள் உண்டு. 2014 விதிகளில் ஓர் ஆயுதத்துக்கு வெள்ளி பூச 100 பொற்காசு. ஊர்த் தட்டாரே செய்து கொடுத்துவிடுவார், மந்திரம் எதுவும் தேவையில்லை. 2025இல் வந்த புதிய அரக்கர் புத்தகத்தில் 'மந்திரமற்ற ஆயுதம்' என்ற அந்தத் தடையையே எடுத்துவிட்டார்கள். புதிய புத்தகத்தோடு ஆடுகிறவர்களுக்கு இந்தத் தலைவலி பெரிதும் குறைவு. சொத்தை நம்பி எழுதப்பட்ட ஆட்டங்களிலும் வழி இருக்கிறது. பாத்ஃபைண்டர் இரண்டாம் பதிப்புக்கு 2020இல் வந்த நடத்துநர் கையேட்டில், பொருள் தர வேண்டிய கூட்டல்களை லெவல் ஏற ஏறப் பாத்திரத்துக்கே நேரடியாகக் கொடுத்துவிடும் மாற்று விதி இருக்கிறது. டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் நான்காம் பதிப்புக்கும் 2009இல் அப்படி ஒன்று வந்தது. எண்ணைப் பாத்திரத்திடம் கொடுத்துவிட்டால், பொருளைக் கதைக்காக மட்டும் வைத்துக்கொள்ளலாம். அரிதாக நடத்த விரும்புகிறவருக்கு இதைவிட நல்ல ஏற்பாட்டை நான் பார்க்கவில்லை.

காசு விஷயத்தில் இந்த வழி பலவீனம். வாங்க ஒன்றும் இல்லையென்றால் நான்காவது புதையலுக்கு யாரும் குகைக்குள் இறங்க மாட்டார்கள். வீடு, நிலம், படகு, கோயில் திருப்பணி என்று வேறு செலவுகளை நீங்கள்தான் உண்டாக்க வேண்டும்.

## இரண்டாம் வழி: புத்தகம் சொல்லும் வேகம்

ஐந்தாம் பதிப்புக்கு 2017இல் வந்த 'ஸானதார்ஸ் கைட் டு எவ்ரிதிங்' ஒரு தெளிவான கணக்கு சொல்கிறது. 1ஆம் லெவலிலிருந்து 20 வரை ஒரு குழுவுக்கு மொத்தம் 100 பொருள். 4ஆம் லெவல் வரை 11, 5 முதல் 10 வரை 34, 11 முதல் 16 வரை 30, 17 முதல் 20 வரை 25. நூறு என்றதும் திகைக்க வேண்டாம். அதில் 80 சிறு வகை, பெரும்பாலும் குடித்தால் தீரும் மருந்தும் படித்தால் தீரும் ஏடும். நிலைத்து நிற்கும் பெரிய பொருள் 20தான். நான்கு பேர் என்றால் ஆளுக்கு ஐந்து, அதுவும் முழு கேம்பேனுக்கும்.

இதோடு 'அட்டியூன்மென்ட்' என்ற கடிவாளமும் இருக்கிறது. சக்திவாய்ந்த பொருளை உடலோடு இணைத்துக்கொண்டால்தான் வேலை செய்யும். ஒருவர் ஒரு நேரத்தில் மூன்றைத்தான் இணைக்கலாம். ஆகவே கொஞ்சம் கூடுதலாகக் கொடுத்தாலும் மேசை உடைந்துவிடாது. (இப்படி எல்லை போடுவது புது யோசனை இல்லை. 1970களின் பழைய விதிகளிலேயே பாலடின் (புனித வீரன்) பத்து மந்திரப் பொருளுக்குமேல் வைத்துக்கொள்ள முடியாது.)

ஆனால் இந்தக் கடிவாளத்தில் ஓர் ஓட்டை இருக்கிறது. வெறும் கூட்டல் எண் தரும் கவசத்துக்கும் கேடயத்துக்கும் இணைப்பே தேவையில்லை. கணக்குப் போட்டுப் பாருங்கள். முழுத் தகட்டுக் கவசத்தோடு கவச எண் (அடிக்கிறவர் எட்ட வேண்டிய எண்) 18, கேடயத்தோடு 20. +5 கூட்டி அடிக்கும் அரக்கன் 20ஐத் தொட, இருபது முகப் பகடையில் 15 அல்லது அதற்குமேல் போட வேண்டும். ஆறு முகங்கள், 30 விழுக்காடு. +1 கவசமும் +1 கேடயமும் கொடுத்துவிட்டால் எண் 22. இப்போது நான்கு முகங்கள், 20 விழுக்காடு. கைக்கு வந்தது இரண்டு சின்னக் கூட்டல்தான். விழும் அடியில் மூன்றில் ஒரு பங்கு போய்விட்டது. டிஎம் என்ன செய்வார்? "இவனை அடிக்கவே முடியலையே" என்று அரக்கனைப் பலப்படுத்துவார். அந்த அரக்கன் திரும்பி, கவச எண் 12இல் நிற்கும் மந்திரவாதியை ஒரே சுற்றில் படுக்க வைப்பான். ஒருவருக்குக் கொடுத்த கவசத்துக்கு இன்னொருவர் விலை கொடுக்கிறார்.

ஆயுதத்தில் இவ்வளவு ஆபத்து இல்லை. 60 விழுக்காடு படும் வெட்டு, சராசரி 7.5 சேதம் என்று வைத்துக்கொண்டால் சுற்றுக்கு 4.5. +1 வாளோடு 65 விழுக்காடு, 8.5 சேதம், சுற்றுக்கு சுமார் 5.5. கால் பங்குக்குச் சற்றுக் குறைவான ஏற்றம். போர்வீரனுக்கு அது தேவைதான், யாரையும் அது கீழே இறக்குவதும் இல்லை. அதனால் என் மேசையில் ஒரு வழக்கம்: +1 வாள் கொடுப்பேன், +1 கவசம் கொடுக்கமாட்டேன்.

இன்னொரு எச்சரிக்கை. 'அன்காமன்' (எளிதில் கிடைக்காதது), 'ரேர்' (அரியது) என்று புத்தகம் ஒட்டியிருக்கும் சீட்டை அப்படியே நம்பாதீர்கள். 2014 புத்தகத்தில் பறக்கும் துடைப்பமும், அயல்மொழி புரியவைக்கும் தலைக்கவசமும் ஒரே 'அன்காமன்' வரிசையில் இருக்கின்றன. இரண்டுக்கும் 101 முதல் 500 பொற்காசு. ஒன்று உங்கள் எல்லா மதில்களையும் பள்ளங்களையும் ஒரே நாளில் செல்லாக்காசாக்கிவிடும். இன்னொன்று ஒரு சந்திப்பைச் சுலபமாக்கும்.

முதல் தடவை டிஎம் ஆகிறவருக்கும், யார் வருவார், யார் வரமாட்டார் என்று தெரியாத பொதுமேசைக்கும் இந்த வழி நல்லது. வியப்பு குறைவு, விபத்தும் குறைவு.

## மூன்றாம் வழி: கடை

என் இரண்டாம் கேம்பேன் ஒரு துறைமுக ஊரில் நடந்தது. பழைய ஜார்ஜ்டவுன் போல: சரக்குப் படகு, செட்டியார் கிட்டங்கி, ஐந்தடி நடைபாதை. அப்படிப்பட்ட ஊரில் மந்திரப் பொருள் விற்கும் கடை இல்லாமல் இருக்குமா? வைத்தேன். முதல் கேம்பேனில் அந்தத் தம்பிக்கு நேர்ந்தது இனி யாருக்கும் நேரக்கூடாது என்ற எண்ணமும் எனக்கு இருந்தது.

நல்லதை முதலில் சொல்கிறேன். ஒவ்வொருவரும் தாங்கள் கனவு கண்ட பாத்திரத்தைத் தாங்களே கட்டிக்கொண்டார்கள். போர்வீரனுக்கும் மந்திரவாதிக்கும் தராசு நேரானது. காசுக்கு மதிப்பு வந்தது. ஒரு பொற்காசுக்குக்கூட பேரம் பேசினார்கள். "இன்னும் 800 சேர்ந்தா எனக்கு அந்த பூட்ஸ்" என்று ஒருவர் சொன்னால், குழுவே அவருக்காக ஒரு வேலையைப் பிடித்து வந்தது.

செலவு ஒரு ஞாயிற்றுக்கிழமை தெரிந்தது. பெரிய புதையல் ஒன்றை எடுத்து, 6,000 பொற்காசோடு ஊருக்குத் திரும்பியிருந்தார்கள். நாலு மணிக்குக் கடைக்குள் போனார்கள். ஐந்து பேரில் நான்கு பேர் கைபேசியில் கணக்குப் பொறியைத் திறந்தார்கள். பழையதைப் பாதி விலைக்கு விற்றால் எவ்வளவு, இரண்டு பேர் சேர்ந்து வாங்கினால் எவ்வளவு என்று ஆறேகால் வரை போனது. ஐந்தாவது ஆள், துறவி ஆடிய அக்கா. கவசம் வேண்டாம், ஆயுதம் வேண்டாம், வாங்க ஒன்றுமில்லை. இரண்டே கால் மணி நேரம் அவர் மேசையில் இருந்த முறுக்குத் துகளை ஒரு விரலால் ஓரமாகத் தள்ளிக்கொண்டே இருந்தார். நான் அதைப் பார்த்துக்கொண்டே விலை சொல்லிக்கொண்டிருந்தேன். அதை இன்றும் என்னால் மறக்க முடியவில்லை.

இரண்டாவது செலவு வியப்பு. 1998 டிசம்பரில் செந்தூல் தீமோர் வரை எல்ஆர்டி வந்தபோது, அப்பா எங்களை ஒரு வேலையும் இல்லாமல் அதில் ஏற்றிக்கொண்டு போனார். ஜன்னலோடு ஒட்டிக்கொண்டு கீழே ஓடும் கூரைகளைப் பார்த்தது நினைவிருக்கிறது. இன்றைக்கு அதே வண்டியில் ஏறினால் கைபேசியைத்தான் பார்க்கிறேன். கடையில் தொங்கும் மந்திர வாளுக்கும் அதே கதிதான். பறக்கும் காலணி இரண்டாம் வாரம் வெறும் காலணி.

ஆனால் அது குறையா? எல்லா மேசையிலும் இல்லை. கீத் பேக்கர் உருவாக்கி 2004இல் வந்த எபெரான் உலகம் இதையே பலமாக்கிக்கொண்டது. அங்கே மின்னல் ரயில் ஓடுகிறது, தெருவிளக்கு மந்திரத்தில் எரிகிறது. சின்ன மந்திரம் எங்கும் உண்டு. பெரிய மந்திரம் அங்கேயும் அரிது. உலகம் முழுக்க மந்திரம் நிறைந்திருப்பதும், ஆட்டக்காரர் பையில் ஆயுதம் நிறைந்திருப்பதும் வேறு வேறு என்பதை அந்த உலகத்திலிருந்து படிக்கலாம். தெருவில் தாராளமாக வைத்துவிட்டு, பைக்குள் கணக்காகக் கொடுக்க முடியும்.

கடை வைப்பதென்றால் எந்த ஆட்டத்தில் என்பது முக்கியம். மூன்றாம் பதிப்பில் ஒவ்வொரு பொருளுக்கும் விலை உண்டு. +1 ஆயுதம் சுமார் 2,000, +2 என்றால் 8,000, +5 என்றால் 50,000 என்று சூத்திரமே இருக்கிறது. பாத்ஃபைண்டரிலும் அப்படித்தான். 2014 ஐந்தாம் பதிப்பில் 'ரேர்' பொருளுக்கு 501 முதல் 5,000 வரை என்று பத்து மடங்கு இடைவெளியை விட்டிருக்கிறார்கள். அங்கே கடை வைத்தால் விலைப் பட்டியலை நீங்களே எழுத வேண்டும். எனக்கு இரண்டு வார இரவுகள் அதற்கே போயின.

பாத்திரம் கட்டுவதை ஆட்டத்தின் பாதி இன்பமாக நினைக்கும் குழுவுக்குக் கடை வையுங்கள். ஆனால் கடைக்கு மேசை நேரத்தைக் கொடுக்காதீர்கள். விலைப்பட்டியலை வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டு, அடுத்த ஞாயிறுக்குள் வாங்கி முடிக்கச் சொல்லுங்கள்.

## நான்காம் வழி: நிலைப்பது அரிது, தீர்வது தாராளம்

ஒரே தடவை பயன்படும் பொருளின் சக்தியை நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. புது வண்டி எடுத்தால் டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றுகிறோம். பினாங்கில் தைப்பூச ரதம் வரும் வழியெல்லாம் தேங்காயைக் குவித்து வைத்து உடைக்கிறோம். உடைந்த தேங்காய் மறுபடி கூடாது. அதனால்தான் உடைக்கும் அந்த நொடிக்கு அவ்வளவு கனம்.

இப்போது நடக்கும் கேம்பேனை இந்த வழியில்தான் நடத்துகிறேன். தீரும் பொருள் ஒவ்வொன்றையும் பெயரட்டை அளவுக்கு ஒரு கார்டில் அச்சடித்து வெட்டி வைத்திருக்கிறேன். பொருள் கிடைத்தால் கார்டு கைக்குப் போகும். பயன்படுத்தினால் கார்டை இரண்டாகக் கிழித்து மேசை நடுவில் போட வேண்டும். கட்டினால் ஒரு நிமிடத்துக்குப் பயம் அண்டாத வேப்பிலைக் காப்பு. நறுக்கினால் ஒரு சாபத்தை ஒரு நாள் தள்ளிப்போடும் எலுமிச்சை. கொளுத்தினால் சுவருக்கு அப்பால் பேசுவது கேட்கும் சாம்பிராணி. ஒவ்வொரு ஞாயிறும் இரண்டு மூன்று கார்டாவது கைமாறும்.

ஷா ஆலம் தம்பி இன்னமும் போர்வீரன்தான் ஆடுகிறான். போன மாதம் பாலம் உடைந்து நண்பர்கள் ஆற்றில் விழுந்தபோது, மூன்று வாரமாகச் சட்டைப் பையில் வைத்திருந்த கார்டை எடுத்தான். ஓரத்தில் பருப்புக்குழம்புக் கறை. ஒரு நொடி அதைப் பார்த்தான். பிறகு கிழித்தான். அந்தச் சத்தத்துக்கு மேசை முழுக்க அமைதியானது. மந்திரவாதி ஒரு நாளைக்கு எத்தனையோ மந்திரம் போடுகிறார். அவற்றில் ஒன்றுக்கும் இந்த அமைதி கிடைத்ததில்லை.

அளவுகோல்களில் வைத்துப் பார்த்தால்: ஐந்தாம் பதிப்பின் கணக்கு குலையாது. தவறான பொருளைக் கொடுத்துவிட்டாலும் ஒரே தடவைதான். தவறு தானே தீர்ந்துவிடும். காசுக்கும் வேலை உண்டு, ஏனென்றால் தீர்ந்ததை மறுபடி வாங்க வேண்டும். சாதாரண காயம் ஆற்றும் மருந்தே 50 பொற்காசு, சராசரி 7 உயிர்ப் புள்ளி. ஐந்தாம் பதிப்பின் 2024 திருத்த விதிகளில் அதைக் குடிக்க முழுச் செயல் வேண்டியதில்லை, போனஸ் செயலே (ஒரு சுற்றில் கூடுதலாகச் செய்யும் சின்னச் செயல்) போதும். இதனால் சண்டை நடுவிலும் குடிக்கிறார்கள்.

மறைவான செலவு பதுக்கல். கர்ணனை நினைத்துக்கொள்ளுங்கள். கவச குண்டலத்தைக் கொடுத்துவிட்டு, இந்திரனிடமிருந்து ஒரே தடவை ஏவக்கூடிய சக்தி ஆயுதத்தை வாங்குகிறான். அர்ச்சுனனுக்கு என்று பொத்திப் பொத்தி வைக்கிறான். கடைசியில் ஓர் இரவில் கடோத்கசனைத் தடுக்க வழியில்லாமல் அவன்மேல் ஏவ வேண்டியதாகிறது. மேசையில் உட்காரும் எல்லோருக்குள்ளும் அந்தக் கர்ணன் இருக்கிறான். "பெரிய சண்டை வரும், வச்சிக்குவோம்" என்று கேம்பேன் முடியும்வரை பையில் கிடக்கும். கடோத்கசனே வராத மேசையில் அந்தக் கார்டு கிழிபடவே கிழிபடாது.

இதற்கு 2013இல் வந்த நுமெனெரா என்ற ஆட்டம் நல்ல தீர்வு வைத்திருக்கிறது. அதை எழுதிய மான்டி குக், ஒரே தடவைக்கான சைஃபர்களை வாரி வழங்கிவிட்டு, ஒருவர் ஆரம்பத்தில் இரண்டு மூன்றுக்குமேல் சுமக்க முடியாது என்று எல்லை போட்டார். புதியது வேண்டுமென்றால் பழையதைச் செலவழித்தாக வேண்டும். என் மேசையில் எல்லை ஆளுக்கு மூன்று கார்டு. அதோடு எலுமிச்சை, வேப்பிலை போன்றவை அடுத்த பௌர்ணமிக்குள் வாடிவிடும். இந்த இரண்டையும் வைத்த பிறகு பதுக்கல் நின்றது.

இன்னொன்று: பெரிய பெருமை கொண்ட பொருள் வேண்டும் என்று ஏங்குகிறவருக்கு கார்டு மட்டும் போதாது. அதற்காக ஆளுக்கு ஒன்றாவது நிலைத்த பொருள் கொடுங்கள். அது எண் கூட்டாமல், செயல் தருவதாக இருக்கட்டும். பொத்தானை அழுத்தினால் அந்தரத்தில் அசையாமல் நின்று 8,000 பவுண்டு தாங்கும் கோல் ஒன்று ஐந்தாம் பதிப்பில் உண்டு. எங்கள் குழு அதைக் கதவுக்குத் தாழ்ப்பாளாக, கிணற்றுக்குள் படியாக, ஒரு தடவை தொட்டில் கட்டும் கம்பாகக்கூடப் பயன்படுத்தியிருக்கிறது. +2 வாளை வைத்து யாரும் தொட்டில் கட்டியதில்லை.

## பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்

| | அரிது | புத்தக வேகம் | கடை | தீரும் பொருள் |
|---|---|---|---|---|
| கணக்குக்குப் பொருந்தும் ஆட்டம் | ஐந்தாம் பதிப்பு. மற்றவற்றில் மாற்று விதியோடு | எல்லாம் | மூன்றாம் பதிப்பு, பாத்ஃபைண்டர் | ஐந்தாம் பதிப்பு, நுமெனெரா |
| போர்வீரன் நிலை | பாதிப்பு | பரவாயில்லை | நன்று | நன்று |
| மேசை நேரம் | மிச்சம் | நடுத்தரம் | அதிகம் போகும் | கொஞ்சம் போகும் |
| காசுக்கு வேலை | நீங்கள் உண்டாக்க வேண்டும் | குறைவு | நிறைய | போதுமான அளவு |
| மறைவான செலவு | மந்திரவாதி ஓங்குவார் | கவசக் கூட்டல் | வியப்பு போகும் | பதுக்கல் |
| தவறைத் திருத்துவது | தேவைப்படாது | கடினம் | மிகக் கடினம் | தானே தீரும் |

## ஏற்கெனவே அதிகமாகக் கொடுத்திருந்தால்

திருடனை அனுப்பிப் பொருளைப் பறிக்காதீர்கள். ஆட்டக்காரருக்கு அது திருடன் செய்ததாகத் தெரியாது, நீங்கள் செய்ததாகத்தான் தெரியும். துறைமுக கேம்பேனின் கடைசியில் நான் இந்திரன் வழியைப் பிடித்தேன். முதலில் வெளிப்படையாகப் பேசினேன்: "கவசத்தால சண்டையே கிடையாதுன்னு ஆயிடுச்சு, மந்திரவாதிதான் அடி வாங்கறாரு." பிறகு கதைக்குள் ஒரு கோயில் தேவதை வந்து அந்தக் கவசத்தைத் தானமாகக் கேட்டது; பதிலுக்கு ஒரே தடவை ஏவக்கூடிய வேல் ஒன்றைக் கொடுத்தது. கவசத்தை வைத்திருந்தவர் யோசித்து, தானே முன்வந்து கொடுத்தார். கடைசிச் சண்டையில் அந்த வேல் போய்த் தைத்ததைத்தான் இன்றைக்கும் எல்லோரும் பேசுகிறார்கள். கவசத்தை யாரும் பேசுவதில்லை.

சித்தி மகளுக்கு நான் அனுப்பிய கணக்கு இது. ஐந்தாம் பதிப்பு, நான்கு பேர், 4ஆம் லெவல் வரைக்கும்: ஆளுக்கு ஒன்றாக நான்கு நிலைத்த பொருள், குழுவுக்குப் பொதுவாக ஒன்று. அமர்வுக்கு இரண்டு கார்டு, ஒரு கையில் மூன்றுக்குமேல் இல்லை. கூட்டல் கவசம் இப்போதைக்கு வேண்டாம். கடை வேண்டாம், ஆனால் மருந்து விற்கும் ஒரு கிழவி இருக்கட்டும். சித்தி மகளிடம் இருப்பது 2014 புத்தகம்தான். தோழிகளில் ஒருத்தி போர்வீராங்கனை ஆடுகிறாளாம். மூன்றாம் லெவலுக்குள் அவள் கைக்கு வெள்ளி பூசிய கத்தி ஒன்றாவது போய்ச் சேர்ந்துவிட வேண்டும் என்று தனியாக ஒரு செய்தி போட்டிருக்கிறேன்.